ஓரியின் அம்பு எங்கே போய் நின்றது?

இந்த எபிசோட் ஒரு வாய்ஸ் நோட்டில் இருந்து தொடங்குகிறது. அனுப்பியவன் என்னோடு சங்ககிரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். இப்போது அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் வேலை. அங்கே போன இரண்டாவது வருஷமே ஆபீஸ் நண்பர்களோடு வில் பிடிக்கப் பழகி, தேர்வு எழுதி, லைசென்ஸ் வாங்கி, மான் வேட்டைக்குப் போக ஆரம்பித்துவிட்டான். வழக்கமா அவன் அனுப்புறது பனி கொட்டுற வீடியோதான். அன்னைக்கு வந்தது நாலு நிமிஷ வாய்ஸ் நோட். பாதி நேரம் மூச்சுச் சத்தம்.

"மாப்ள, மான் மேல அம்பு பட்டுச்சுடா. நல்லா பட்டுச்சு. ஓடிருச்சு. ராத்திரி ஒரு மணி வரைக்கும் டார்ச் அடிச்சுத் தேடினோம், கெடைக்கல. ரத்தம் கொஞ்ச தூரம் இருந்துச்சு, அப்புறம் இல்ல. முனை தப்போன்னு தோணுது. நம்ம ஊர்ல அந்தக் காலத்துல வேட்டைக்குப் போனவங்க எந்த மாதிரி முனை வச்சிருந்தாங்க? நீதான் ஹிஸ்டரி பேசுற ஆளாச்சே."

அவன் பாதி கிண்டலாகத்தான் கேட்டான். ஆனால் எனக்கு அது மண்டையில் ஒட்டிக்கொண்டது. ஏன்னா, நம்ம சேலம் நாமக்கல் பக்கத்தில் ஸ்கூல் படித்த யாருக்கும் ஒரு வில்லாளியைத் தெரியாமல் இருக்காது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாக வீழ்த்திய வல்வில் ஓரி. அந்த அம்பின் முனை எப்படி இருந்திருக்கும் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

உள்ளே போகிறதுக்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லிடறேன். இந்தியாவில் மான் வேட்டை குற்றம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதில் பேச்சுக்கே இடமில்லை. மான் பார்க்கணும்னா சேலம் குரும்பப்பட்டி பூங்காவுக்குப் போய் டிக்கெட் எடுத்துப் பாருங்க. விஸ்கான்சின் கதை வேறு. அங்கே 1934லேயே வில்லுக்கென்று தனி மான் வேட்டைக் காலம் அறிவித்துவிட்டார்கள். அவன் செய்தது அங்கே சட்டப்படி சரி. அவனை உறுத்தியது சட்டம் இல்லை.

முதலில் அந்த முனை என்ன என்று பார்ப்போம். வேட்டை அம்பு முனையில் இன்றைக்கு இரண்டு சாதி இருக்கிறது. ஒன்றில் அலகுகள் அசையாது. இதை நிலை முனை என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்றில் அலகுகள் மடங்கி உள்ளே இருக்கும், உடம்பில் பட்டதும் விரியும். இது விரி முனை. பேனாக்கத்திக்கும் சமையல் கத்திக்கும் உள்ள வித்தியாசம்தான். விரி முனை மடங்கி இருக்கும்போது ஒல்லியாக இருப்பதால் காற்று பிடிக்காது, குறி வைத்த இடத்துக்கு நேராகப் போகும். போய் விரிந்தால் இரண்டு அங்குல அகலத்துக்கு வெட்டும். நிலை முனை பெரும்பாலும் ஓர் அங்குலம், ஒன்றேகால் அங்குலம். அதற்கு மேல் அகலம் வைத்தால் அலகே சின்ன இறக்கை மாதிரி வேலை செய்து அம்பை இழுத்துக்கொண்டு போய்விடும்.

இப்படிச் சொன்னால் விரி முனைதானே நல்லது என்று தோன்றும். அங்கேதான் கணக்கு இடிக்கிறது.

துப்பாக்கிக் குண்டு மாதிரி அம்பு அடித்துக் கொல்வதில்லை. நல்ல காம்பவுண்ட் வில்லில் இருந்து போகும் அம்பின் ஆற்றல் சுமார் 80ல் இருந்து 110 ஜூல். மணிக்கு 130 கிலோமீட்டரில் வீசிய கிரிக்கெட் பந்துக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். பந்து பட்டு மான் சாகுமா? சாகாது. அம்பு கொல்வது அறுத்துத்தான். நுரையீரல், இதயம், பெரிய ரத்தக்குழாய், இவற்றில் ஏதாவது அறுபட்டால் மான் சில நொடிகளில் விழும். அறுபடவில்லை என்றால் அது ஓடும், எங்கேயோ படுக்கும், ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துச் சாகும், இல்லை சாகாமல் கிடக்கும். ஆக, கையில் இருக்கும் கொஞ்ச ஆற்றலை அகலத்தில் செலவு பண்ணுவதா, ஆழத்தில் செலவு பண்ணுவதா என்பதுதான் முழுக் கேள்வியும். விரி முனைக்கு அலகைத் திறக்கவே கொஞ்சம் செலவாகும். திறந்த பிறகு அகல அலகை இழுத்துக்கொண்டு உள்ளே போக இன்னும் செலவு. அதே நேரம் குறி ஓர் அங்குலம் தள்ளிப் பட்டாலும் அகல வெட்டு காப்பாற்றிவிடும். குறி தோள் எலும்பில் பட்டால் விரி முனை எலும்பிலேயே நின்றுபோகலாம்.

இது நமக்குப் புதுசு, ஆனால் கேள்வி பழசு. அர்த்தசாஸ்திரத்தில் ஆயுதக் கிடங்கு பற்றிப் பேசும் இடத்தில் அம்பு முனைக்கு மூன்று பொருள், மூன்று வேலை சொல்லியிருக்கிறது. இரும்பு, எலும்பு, மரம். அறுக்க, துளைக்க, அடிக்க. நான் முதல் தடவை படித்தபோது சிரித்துவிட்டேன். ஒரு ப்ராடக்ட் ஸ்பெக் ஷீட் மாதிரியே இருக்கிறது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். ஓரியின் அம்புக்கு இரும்பு எங்கிருந்து வந்திருக்கும்? இந்தக் கேள்விக்கு நம்ம பக்கம் மாதிரி இடம் கிடைப்பது கஷ்டம். சங்ககிரியில் இருந்து சேலம் போகிற வழியிலேயே கஞ்சமலை. மலை முழுக்க மேக்னடைட். மழை பெய்தால் ஓடையில் கறுப்பு மணல் இறங்கி வரும். அதை அலசி எடுத்து, கரியோடு சேர்த்துக் களிமண் உலையில் ஊதி இரும்பு எடுத்தார்கள். அந்த இரும்பைச் சின்னச் சின்ன மண் குகைகளில் ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் சேர்த்து மூடி, மறுபடி சூடாக்கினால் உருக்கு. இப்படித்தான் செய்தார்கள் என்று 1830களில் எழுதிவைத்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். சேலத்தில் கம்பெனி அதிகாரியாக இருந்து, பிறகு இதே சேலம் தாதுவை நம்பிப் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை போட்டு, நஷ்டப்பட்டவர். அவரைப் பற்றித் தனி எபிசோடே பண்ணலாம், இப்போ வேண்டாம். கஞ்சமலை அடிவாரத்தில்தான் இன்றைக்குச் சேலம் உருக்காலை நிற்கிறது.

காலம் எவ்வளவு பின்னால் போகிறது என்றால், மேட்டூர் பக்கம் மாங்காட்டில் கிடைத்த இரும்பின் காலத்தை கி.மு. 1604க்கும் 1416க்கும் இடையில் என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட இரும்பின் தொன்மை அறிக்கை சொல்கிறது. அதே அறிக்கையில் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளைக்கு இதைவிட ரொம்பப் பழைய தேதிகள் இருக்கின்றன, எல்லாரும் அதைத்தான் பேசினார்கள். எனக்கு மாங்காடுதான் முக்கியம். எங்க பாட்டி ஊர்ப் பக்கம்.

மேற்கே போனால் நொய்யல் கரையில் கொடுமணல். 1980களில் இருந்து பேராசிரியர் கா. ராஜனும் மற்றவர்களும் அங்கே தோண்டியதில் இரும்பு உலைகள், உருக்கு செய்த தடயம், மணி செய்யும் பட்டறைகள், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், ஈமக் குழிகளில் வாள், அம்பு முனைகள். தெற்கே ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1900ஐ ஒட்டிய வருஷங்களில் தோண்டி எடுத்த இரும்புச் சாமான்களிலும் அம்பு முனைகள் உண்டு. செத்தவரோடு அம்பையும் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். அப்படி எதையாவது கூட வைக்கிறோம் என்றால் அது சும்மா கிடந்த சாமான் இல்லை.

இந்தப் பழைய முனைகள் எல்லாமே நிலை முனைதான். இலை மாதிரி ஒன்று, கொக்கி மாதிரிப் பின்னால் வளைந்த காதுகள் உள்ளது ஒன்று. பின்பக்கம் காம்பு வைத்து மூங்கிலுக்குள்ளோ நாணலுக்குள்ளோ செருகுவார்கள், இல்லைன்னா குழல் மாதிரிச் சுருட்டி மேலே மாட்டுவார்கள். கொக்கி முனைக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே போனால் வெளியே வராது. பிடுங்கினால் இன்னும் கிழிக்கும். எதிரி உடம்புக்கு அது பொருந்தும். மானுக்கு வேண்டாம் என்றுதான் இன்றைக்கு அமெரிக்காவில் பல மாநிலங்கள் கொக்கி முனையை வேட்டையில் தடை செய்திருக்கின்றன. ஓடித் தப்பிக்கிற மிருகம் அந்த முனையைச் சுமந்துகொண்டே திரியக் கூடாது என்பது காரணம். தருமபுரி, செங்கம் பக்கத்து நடுகற்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வீரன் ஒருவன் வில்லோடு நிற்பான், அவன் உடம்பிலேயே அம்புகள் தைத்திருக்கும். கல்லில் செதுக்கியவனுக்கு அந்த அம்பு வெளியே வரவில்லை என்பதுதான் சொல்ல வேண்டிய செய்தி.

ஏன் விரி முனையை அந்தக் காலத்தில் யாரும் செய்யவில்லை? மூட்டு போடத் தெரியாமலா? இதை ஒரு கொல்லரிடமே கேட்டுப் பார்த்தேன்.

சங்ககிரி லாரி ஊர் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். லாரி இருக்கும் ஊரில் பழைய ஸ்பிரிங் பட்டை குவியும். பட்டை குவிந்தால் அரிவாள் அடிக்கிறவர் பக்கத்திலேயே இருப்பார். சுத்தியலுக்கு ஏற்ற கார்பன் உள்ள உருக்கு அந்தப் பட்டையில்தான் இருக்கிறது. நான் போன பட்டறைக்காரருக்கு அறுபது வயசு தாண்டியிருக்கும். போனில் விரி முனைப் படம் காட்டினேன். கண்ணாடியை ஏத்திவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது எதுக்குங் தம்பி?"

"அம்பு முனைங்ணா. பட்டதும் விரியுமாம்."

"விரியட்டும். மறுக்கா எப்படித் தீட்டுவீங்க? இந்த மூட்டுக்குள்ள ரத்தம் போகும், மண்ணு போகும். ஒரு மழைக்குத் துரு புடிச்சா விரியாதுங். நானா இருந்தா செய்ய மாட்டேன்."

அவ்வளவுதான் பதில். நான் ஆறு கட்டுரை படித்துத் தெரிந்துகொண்டதை அவர் ஒரு படம் பார்த்து முடித்துவிட்டார். பழைய வேட்டைக்காரனுக்கு ஒரு முனை ஒரு தடவைக்கு இல்லை. பொறுக்கி எடுத்து, கல்லில் தீட்டி, மறுபடி கட்டிப் போகணும். இரும்பு அவனுக்கு விலை.

அவரிடமே இரண்டு நிலை முனை அடித்துத் தரச் சொன்னேன். ஒன்று ஒல்லியாக, புளிய இலைக் கொத்து மாதிரி நீளமாக. இன்னொன்று அரச இலை மாதிரி அகலமாக. பட்டையைச் சிவக்கக் காய்ச்சி, இழுத்து, மெலிசாக்கி, தண்ணீரில் தோய்த்து, அடுத்த வாரம் வரச் சொன்னார். எடை இரண்டுக்கும் ஒண்ணா வரணும் என்று நான் சொன்னதற்கு, தராசு வாங்கிக் கொடு என்றார். வாங்கிக் கொடுத்தேன்.

சேலத்தில் வில்வித்தை பழகும் நண்பர் ஒருவரிடம் ரிகர்வ் வில் ஒன்றைக் கடன் வாங்கினோம். அதுவும் மரவில் மாதிரிதான், கப்பி எல்லாம் கிடையாது. குலை வெட்டிய வாழைமரங்களை எங்கள் காட்டில் வரிசையாக நட்டு, பத்து மீட்டரில் இருந்து அடித்தோம். நான் அடிக்கவில்லை, நான் அடித்தால் வாழைமரம் பத்திரமாக இருக்கும். ஒல்லி முனை பெரும்பாலும் மட்டைகளை ஊடுருவிப் பின்பக்கம் எட்டிப் பார்த்தது. அகல முனை ஒரு தடவைகூட வெளியே வரவில்லை. மரத்தின் முன்பக்கம் தென்னம்மட்டையைக் கட்டி வைத்து, அதை எலும்பு என்று நினைத்துக்கொண்டோம். ஒல்லி முனை கொஞ்சம் திணறி உள்ளே போனது. அகல முனை மட்டையைப் பிளந்து அதிலேயே தொங்கியது. இதை ஆராய்ச்சி என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். வாழைமரத்துக்கு நுரையீரல் கிடையாது.

நிஜமான ஆராய்ச்சி வேறு ஆட்கள் செய்திருக்கிறார்கள். 1980களில் தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியில் எட் ஆஷ்பி என்பவர் விதவிதமான முனைகளைப் பெரிய மிருகங்களில் சோதித்துப் பார்த்தார். அவர் முடிவு என் வாழைமரம் சொன்னதுதான், கூடுதலாக எலும்புக் கணக்கோடு. கனமான அம்பு, நீண்டு ஒடுங்கிய இரண்டு அலகு, இதுதான் எலும்பைத் தாண்டிப் போகும்.

இதோடு நான் நிறுத்தியிருந்தால் எபிசோட் அழகாக முடிந்திருக்கும். நம்ம முன்னோர் சரி, நவீன சாமான் தப்பு. யூட்யூபில் வியூஸும் வந்திருக்கும். ஆனால் எதிர்ப்பக்கத் தரவு ஒன்று கண்ணில் பட்டது. மேரிலாந்தில் இண்டியன் ஹெட் என்று ஒரு கடற்படைத் தளம். அங்கே மான் தொகையைக் குறைக்க வில் வேட்டைக்காரர்களை அனுமதிக்கிறார்கள். 1989ல் இருந்து இருபது வருஷத்துக்கும் மேல், பட்ட மான் ஒவ்வொன்றும் கிடைத்ததா இல்லையா என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நிலை முனை பட்டதில் சுமார் 82 சதவீதம் கிடைத்திருக்கிறது. விரி முனை பட்டதில் 90 சதவீதத்தை ஒட்டி.

கொஞ்ச நேரம் கோபமாகவே இருந்தது. பட்டறைக்காரர் சொன்னது, வாழைமரம் சொன்னது, ஆஷ்பி சொன்னது எல்லாம் ஒரு பக்கம், இந்த எண் ஒரு பக்கம். எந்த முனையை மாட்டுவது என்று ஆளே தேர்ந்தெடுத்தது, குலுக்கல் போட்டுக் கொடுத்தது இல்லை, அதனால் முழுசாக நம்ப முடியாது என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது நியாயமான சந்தேகம்தான். ஆனால் உண்மையான பதில் அது இல்லை. அங்கே அடித்தவர்கள் தேர்வு வைத்து உள்ளே விடப்பட்டவர்கள். கையில் இருந்தது பெரும்பாலும் காம்பவுண்ட் வில், குறுக்கு வில். ஆற்றல் கை நிறைய. பணம் இருக்கிறவன் அகலத்துக்கும் செலவு பண்ணலாம், ஆழத்துக்கும் மிச்சம் இருக்கும். மரவில்லில் வருவது அதில் ஏறக்குறையப் பாதி, 50 ஜூல் பக்கம். அவனுக்கு அந்த வசதி கிடையாது. ஆழத்துக்கே எல்லாவற்றையும் கொடுத்தாகணும்.

அப்படியானால் முனையைப் பற்றிய கேள்வி முனையில் இல்லை, வில்லில் இருக்கிறது. இதை இவ்வளவு தூரம் சுற்றி வந்தபிறகுதான் எனக்கு உறைத்தது. நண்பனுக்கு மெசேஜ் போட்டேன். "எந்த வில்லுடா?"

இரண்டு நாள் பதில் இல்லை.

அந்த இரண்டு நாளில் ஓரி பாட்டைத் திரும்ப எடுத்துப் படித்தேன். புறநானூறு 152, வன்பரணர் பாடியது. ஸ்கூலில் நமக்குச் சொல்வது ஐந்து மிருகம், ஒரு அம்பு, கைதட்டு, அவ்வளவுதான். வரிசையைக் கவனியுங்கள். யானை முதலில். அப்புறம் புலி. அப்புறம் கொம்புள்ள புள்ளிமான். அப்புறம் காட்டுப் பன்றி. கடைசியில் புற்றில் கிடக்கும் உடும்பு, அங்கே போய் அம்பு நிற்கிறது. பெரிதில் இருந்து சிறிதுக்கு. நான் நோட்டில் ஒரு கிராஃப் போட்டுப் பார்த்தேன், ஆற்றல் குறையக் குறைய மிருகமும் குறைகிறது. பன்றித் தோள் மானைவிடக் கெட்டி என்று ஒருவர் சண்டைக்கு வரலாம், வரட்டும். யானையைத் தாண்டி ஓர் அம்பு வெளியே வராது, அது எனக்கும் தெரியும், வன்பரணருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் பொய் சொல்லும்போதும் அம்பு ஒவ்வொரு உடம்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துதான் போகும் என்கிற நினைப்பு அந்த வரிசையில் இருக்கிறது. அம்பைப் பார்த்துப் பழகிய ஊரில் சொன்ன பொய். அப்படிப் போகிற அம்புக்கு முனை ஒல்லியான நிலை முனையாகத்தான் இருந்தாகணும். அகல முனை புலியைத் தாண்டாது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்தப் பாட்டில் எதுவும் ஓடவில்லை. ஐந்தும் அங்கேயே விழுகின்றன. வேட்டைக்குப் போகிற யாருக்கும் பெரிய கனவு அதுவாகத்தான் இருக்கும், யானை இல்லை.

நிஜத்தில் ஓடும். அதற்கும் புறநானூற்றில் ஒரு சின்ன சாட்சி இருக்கிறது. கோவூர்கிழார் பாடிய 33ஆம் பாட்டில் ஒரு வேடன் மான் கறியைக் கூடையில் கொண்டுவந்து நெல்லுக்கு மாற்றுகிறான். அவனைச் சொல்லும்போதே கோபக்கார நாய்களோடு சேர்த்துத்தான் சொல்கிறார். நாய் எதற்கு? துரத்தவும்தான். ஆனால் அடிபட்டு ஓடிய மானைக் கண்டுபிடிக்க நாய் மூக்கைவிட நல்ல கருவி 2,000 வருஷமாக வரவில்லை. முனை நூற்றுக்கு நூறு வேலை செய்யாது என்று தெரிந்தவன்தான் கூடவே நாயைக் கூட்டிக்கொண்டு போவான்.

ஓரிக்கு என்ன ஆச்சு என்று கேட்பவர்களுக்கு: மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். இப்போது வருஷா வருஷம் ஆடி 18ஐ ஒட்டிக் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா நடக்கிறது, வில்வித்தைப் போட்டியும் உண்டு. அதே ஆடி 18ல்தான் எங்கள் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலைக்கு நினைவு நாள். சின்ன வயசில் எனக்கு இரண்டு பேரும் ஒரே ஆள் என்று ஒரு குழப்பம் இருந்தது.

மூன்றாம் நாள் பதில் வந்தது. இந்தத் தடவை போன். அவன் முதல் வருஷம் காம்பவுண்ட் வில்தான் வைத்திருந்தானாம். மெக்கானிக்கலாக இருக்கு, பழைய மாதிரி மரவில்லில் அடிக்கணும் என்று ஆசைப்பட்டு இந்த வருஷம் ரிகர்வுக்கு மாறியிருக்கிறான். 45 பவுண்டு இழுவை. அம்புகளைப் புதுசாக வாங்கினான். முனை மட்டும் பழைய பெட்டியில் இருந்த விரி முனை. கடையில் கேட்டதற்கு, எதில் வேண்டுமானாலும் போடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"மான் எப்படி நின்னுச்சு?" என்றேன்.

"கொஞ்சம் என் பக்கம் திரும்பி நின்னுச்சு."

அப்படியானால் தோள் எலும்பு. நான் தென்னம்மட்டையில் தொங்கிய அகல முனையை நினைத்துக்கொண்டேன். அவனிடம் ஆற்றல் கணக்கு, மேரிலாந்து எண், ஆஷ்பி, எல்லாம் சொன்னேன். பட்டறைக்காரர் சொன்னதையும் சொன்னேன். அவன் குறுக்கே பேசவே இல்லை. ஒரு இன்ஜினியர் இன்னொரு இன்ஜினியருக்கு ரூட் காஸ் சொல்வது மாதிரி நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, ஒத்துக்கிறேன்.

கடைசியில் நாய் விஷயத்துக்கு வந்தேன். அங்கே பல மாநிலங்களில் அடிபட்ட மானைத் தேடக் கயிற்றில் பிடித்த மோப்ப நாயைக் கூட்டி வரலாம். அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். "கூப்பிட்டியா?" என்று கேட்டேன்.

"நம்பர் இருந்துச்சு."

"அப்புறம்?"

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. லைன் கட் ஆயிருச்சோ என்று ஸ்க்ரீனைப் பார்த்தேன்.

"காலைல மறுபடியும் போனேன்டா. அதை உன்கிட்ட சொல்லல. வேலிக்கு அந்தப் பக்கம் காக்கா கூட்டமா சுத்துச்சு. அது பக்கத்து ஆளோட நிலம். உள்ள போகணும்னா அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் போகணும். வீடு தெரியும். அஞ்சு நிமிஷம் கார்ல."

"போனியா?"

"ஒன்பது மணிக்கு மீட்டிங் இருந்துச்சு."

அவன் சொன்னதை இந்த எபிசோடில் சேர்க்கலாமா என்று கேட்டேன். பேர் சொல்லாமல் சேர்த்துக்கோ என்றான். பட்டறைக்காரர் அடித்த ஒல்லி முனையை அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றான்.